கட்டட்டோ?

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வீட்டு வளவுக்கு உள்ளே நிற்பான். மற்றவன் வெளியே ஒழுங்கையில், ஒடுங்கிய தெருவில் நிற்பான். நடுவில் கிடுகு, பின்னிய தென்னோலை. ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது.

வெளியில் நிற்பவனிடம் குத்தூசி இருக்கும். கை நீளத்துக்கு ஒரு மரக்கம்பு. நுனி கூர், நுனிக்குக் கிட்ட ஒரு துளை. அவன் அதைக் கிடுகுக்குள்ளால் குத்துவான். உள்ளே நிற்பவன் துளையில் கயிற்றைக் கோத்துவிட்டு "ஓம்" என்பான். அவன் இழுப்பான். கயிறு அந்தப் பக்கம் போய்விடும். பிறகு வெளியில் நிற்பவன் "கட்டட்டோ?" என்று கேட்பான். உள்ளே கிடுகு சரியாகப் படிந்திருக்கிறதா, குறுக்குத் தடி நேராக நிற்கிறதா என்று கேட்கிறான். சரியென்றால் மறுபடி "ஓம்". முடிச்சு விழும்.

நான் உள்ளே நின்றவன். அவன் வெளியே நின்றவன். உடுப்பிட்டிப் பக்கத்தில் ஆறு வருடம் அப்படி வேலை செய்தோம்.

அவனுடைய வளவு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. இரண்டு பேரும் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அவன் வாய்காரன். எனக்குக் கதை வராது. கிடுகுக்கு அந்தப் பக்கம் நின்று எந்த நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். வேலை செய்கிற வீட்டுக்காரரைப் பற்றித்தான் கூடச் சொல்லுவான்.

"மச்சான், உந்த வீட்டு ஐயா பனங்கட்டியைக் காட்டிப்போட்டு உள்ளுக்கு வைக்கிற ஆள். கவனம். தேத்தண்ணி வந்த உடனை கடிச்சுப்போடு."

"மெல்லக் கதையடா. ஆள் பின்னுக்கு நிக்கிறார்."

"எங்கை?"

"எனக்குப் பின்னாலை."

"ஐயா நல்ல மனிசன் எண்டு தானே சொன்னனான்?" என்று உடனே குரலை உயர்த்துவான்.

கிடுகு இருந்தாலும் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். ஊசி ஒருநாளும் என் மேல் பட்டதில்லை. ஒரே ஒரு தடவை, நான் ஓம் சொல்ல முந்தி இழுத்துவிட்டான். கயிறு என் சுட்டு விரலை அறுத்துக்கொண்டு போனது. நான் சத்தம் போடவில்லை. ஆனால் ஓம் வரவில்லை என்று அவனுக்கு விளங்கியது. ஊசியைப் போட்டுவிட்டு வாசல் படலையால் சுற்றி ஓடி வந்தான். என் விரலை எடுத்துத் தன் வாயில் வைத்தான். வீட்டுக்கார அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை இழுத்தேன். அவன் விடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு முதலே தெரிந்திருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை. பகல் நேரம்தான். ஒரு தோட்டத்தில் புகையிலைக் குடிலுக்குள் ஒதுங்கினோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். மழை விட்ட பிறகும் நாங்கள் வெளியே வரவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை. ஊரில் கேட்டால் கூட்டாளி என்போம். கூட்டாளி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நல்ல சொல்தான். அதற்குள் எல்லாம் அடங்கும்.

ஒரு மாசி மாதம். மழை ஓய்ந்து நிலம் காய்ந்திருந்தது. ஒரு வாத்தியார் வீட்டு வேலி. காலையிலிருந்து அவன் பகிடி ஒன்றும் விடவில்லை. ஊசி வரும், ஓம் என்பேன், போகும். மதியம் திரும்பின பிறகு சொன்னான்.

"மச்சான்."

"என்ன?"

"அளவெட்டியிலை ஒரு பொம்பிளை பாத்திருக்கினம். அம்மா ஒவ்வொரு நாளும் அழுறா. கட்டட்டோ?"

நான் "ஓம்" என்றேன்.

பிறகு ஊசி வந்தது. நான் கோத்தேன். ஓம் என்றேன். இழுத்தான். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை அவன் கட்டட்டோ என்று கேட்கவில்லை. தானே கட்டினான். ஒரு முடிச்சும் பிசகவில்லை.

எனக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும், முடிச்சுக்குத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன், வாய்ப்பழக்கத்தில் ஓம் வந்துவிட்டது. இதைத்தான் முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு கிழமை கழித்தும் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

கலியாணம் பொம்பிளை வீட்டில். பந்தல் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கிடுகு கட்டத் தெரிந்தவன் நான். இரண்டு நாள் முந்தியே அளவெட்டிக்குப் போய்க் கட்டினேன். மேளம் நல்ல மேளம். கெட்டிமேளம் அடிக்கிற நேரம் நான் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளகியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். அவன் போய்விட்டான். அவனுடைய தாய் செத்த பிறகு பழைய வளவு வெறுமையாய்க் கிடந்தது. ஒரு அறையும் குசினியும் உள்ள ஓட்டு வீடு. நான் அந்த ஒழுங்கையால் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான் கட்டவில்லை. எனக்குச் செவ்வாய்க் குற்றம் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்திருந்தார். பொருந்துகிற சாதகம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டும் நான் வேண்டாம் என்றேன். ஊர் செவ்வாயைத்தான் பழி சொன்னது. செவ்வாய் எனக்குப் பெரிய உதவி செய்தது. தங்கச்சி கலியாணம் முடித்த பிறகு அவளுடைய வீட்டிலேயே பின்னறையில் இருந்தேன். அம்மாவை அங்கேதான் பார்த்தேன்.

வேலி வேலை விடவில்லை. வேறு ஆட்களோடு சேர்ந்தேன். ஆனால் பிறகு நான் உள்ளே நிற்கவில்லை. ஊசியை நானே வாங்கிக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன். கேட்கிறவனாக இருப்பது சுகம். பதில் சொல்வது மற்றவன் பாடு.

சண்டையில் எல்லோரும் ஓடினோம். அவன் குடும்பத்தோடு தென்மராட்சிப் பக்கம் போனதாகவும், செல் குண்டு விழுந்து இடது காது போய்விட்டதாகவும் ஆட்கள் சொன்னார்கள். ஆள் இருக்கிறான் என்று அறிந்தது எனக்குப் போதும். திரும்பி வந்த பிறகு செத்த வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எப்போதாவது காண்போம்.

"எப்பிடி?"

"இருக்கிறன். நீ?"

"ஓம். இருக்கிறன்."

அவ்வளவுதான். அவன் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

அவனுக்கு ஒரு மகள். படித்து, கலியாணம் முடித்துக் கனடா போனாள். அதுவும் ஆட்கள் சொன்னதுதான்.

இரண்டரை வருடத்துக்கு முந்தி அவன் மனைவி பெரியாஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்க்கப் போனேன். போகவேண்டிய முறை. தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் மருந்து எடுக்கக் கீழே போயிருந்தான். அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கலியாணத்துக்குப் பிறகு இரண்டு தடவைதான் கண்டிருப்பார்.

"இருங்கோ அண்ணை. பந்தல் போட்டவர் தானே?"

"ஓம் தங்கச்சி. சுகம் எப்பிடி?"

"சுகமில்லாமல் தானே இஞ்சை கிடக்கிறன்." சிரித்தார். மெலிந்து போயிருந்தார். கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவர் உங்களைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை அண்ணை. ஊரிலை உள்ள எல்லாரையும் பற்றிக் கதைப்பார். நாய் பூனையைப் பற்றியும் கதைப்பார். ஆறு வருசம் சேந்து வேலை செய்தனீங்கள் எண்டு மற்ற ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

நான் தோடம்பழப் பையை மேசையில் வைத்தேன்.

"எங்கடை வேலியை இவர் எப்பிடி அடைக்கிறவர் எண்டு தெரியுமோ?"

"இல்லை."

"தனிய. ஆரையும் கூப்பிட விடமாட்டார். வெளியிலை நிண்டு ஊசியைக் குத்திப்போட்டு, படலையாலை உள்ளுக்கு வந்து கயிறு கோத்துப்போட்டு, திரும்ப வெளியிலை போய் இழுத்துக் கட்டுவார். ஒவ்வொரு முடிச்சுக்கும். ஒழுங்கையே சிரிச்சது. நான் உள்ளுக்கு நிக்கிறன் எண்டன். வேண்டாம், உனக்குத் தெரியாது எண்டிட்டார். தெரியாதாம். கயிறு கோக்கிறதுக்கு என்ன தெரிய வேணும் அண்ணை?"

கேள்விதான். பதில் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கோபமாய்ப் பார்க்கவில்லை. கோபமாய்ப் பார்த்திருந்தால் நல்லது.

"நல்ல மனிசன்," என்றார். "என்னை ஒரு சொல்லுச் சொன்னதில்லை. குறை சொல்ல ஒண்டும் இல்லை." பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் வர முந்தி நான் வெளிக்கிட்டேன். அந்த மாதமே அவர் செத்துப் போனார். செத்த வீட்டுக்குப் போனேன். அங்கே அந்த வேலியைப் பார்த்தேன். நல்ல கட்டு. ஒரு ஆள் கட்டியது என்று சொல்ல முடியாது. படலைக்கு உள்ளேயும் வெளியேயும் நிலம் தேய்ந்து கிடந்தது. அது எல்லா வீட்டிலும் தேயும். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

நான் சொன்ன ஒரு சொல்லில் அந்தப் பெண்ணின் முப்பது வருடமும் இருந்தது. அதை நான் அதற்கு முந்தி யோசித்ததில்லை. என்னையும் அவனையும் மட்டும்தான் யோசித்திருந்தேன்.

நாலு மாதம் கழித்து அவன் எங்கள் ஒழுங்கைக்கு வந்தான். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நின்றான். தலை முழுக்க நரை.

"அப்பாவின்ரை வளவு திறந்து கிடக்கு," என்றான். "ஊர் மாடு எல்லாம் அங்கைதான் படுக்குது. அடைக்க வேணும். வாறியோ?"

"நீ கனடா போறாய் எண்டு சொல்லிச்சினம்."

"பேப்பர் எல்லாம் வந்திட்டுது. பிள்ளை அடுத்த மாதம் டிக்கட் போடுறாளாம்."

"போற ஆளுக்கு வேலி என்னத்துக்கு?"

"வாறியோ இல்லையோ?"

"வாறன்," என்றேன்.

அன்று பின்னேரம் தங்கச்சியின் போன் அடித்தது. எனக்கென்று தந்தாள். அவனுடைய மகள். அதற்கு முந்தி அவளோடு நான் கதைத்ததில்லை. இலக்கத்தை ஆரிடமோ கேட்டு எடுத்திருக்கிறாள்.

"அங்கிள், அப்பா ஒரு மாதிரிக் கதைக்கிறார். பழைய வளவிலை வேலி அடைக்கப் போறாராம். இஞ்சை வர விருப்பமில்லையோ எண்டு பயமாயிருக்கு."

"ஓம் பிள்ளை."

"அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறார்? காதும் கேக்காது. பேரன் இருக்கிறான். அவனை ஒருக்காலும் கண்டதில்லை."

"ஓம்."

"உங்கடை சொல்லுத்தான் கேப்பார் எண்டு அம்மா ஒருக்காச் சொன்னவ. நீங்கள் சொல்லி அனுப்பி விடுங்கோ அங்கிள்."

"ஓம்... ஓம்..."

"சரி அங்கிள். உங்களை நம்பி இருக்கிறன்." வைத்துவிட்டாள்.

போனில் மற்றவர் கதைக்கும்போது ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் பழக்கம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவள் வாக்கு என்று எடுத்துக்கொண்டாள். பிழை அவளுடையது இல்லை. திருப்பி எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.

அடுத்த நாள் காலை அவன் வளவுக்குப் போனேன். அவன் கிடுகு இறக்கி வைத்திருந்தான். கயிறு நனைத்து வைத்திருந்தான். ஊசி பழைய ஊசி. என்னைக் கண்டதும் அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனான். நான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து உள்ளே போய் நின்றேன்.

ஊசி வந்தது. கோத்தேன். "ஓம்" என்றேன்.

இழுக்கவில்லை.

"ஓம்," என்றேன் மறுபடி.

"டேய், கோத்திட்டியோ இல்லையோ?"

"ஓம் எண்டு சொன்னனான்!"

"செவிடனுக்குச் சொல்லுறாய். கத்திச் சொல்லடா."

"ஓம்!"

சைக்கிளில் போன ஒருத்தர் நிறுத்தினார். "என்ன அண்ணை, சந்திக்குக் கேக்குது?"

"உவர் இப்பத்தான் வாய் துறக்கிறார்," என்றான் அவன். "முப்பது வருசமாப் பூட்டி வைச்சிருந்தவர்."

அந்த மனிதர் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார். நான் அடுத்த ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்க வேலி பாதி வந்திருக்கும். வெயில் ஏறியிருந்தது. அவன் நிறுத்தினான்.

"மச்சான். அண்டைக்கு வாத்தியார் வீட்டிலை நீ சொன்ன ஓம் என்னத்துக்குச் சொன்னனீ?"

என்னிடம் முப்பது வருடமாக வைத்திருந்த பதில் இருந்தது. உரத்துச் சொன்னேன்.

"எனக்குக் கடைசிச் சொல்லுத்தான் கேட்டது. முடிச்சுக்குக் கேக்கிறாய் எண்டு நினைச்சன்."

அவன் சொன்னான்:

"கயிறு முடிஞ்சு போய் நிண்டது மச்சான். நீ புதுக் கயிறு எடுக்கப் போனனீ. ஊசி என்ரை கையிலை இருந்தது. கட்டுறதுக்கு அங்கை என்ன இருந்தது?"

கிடுகு முகத்தை மறைத்தது நல்லது. அவன் சொன்னது உண்மை. கயிறு எடுக்கக் குனிந்தேன். அவன் சொன்னது முழுக்கக் கேட்டது. அம்மா அழுறா என்றதும் கேட்டது. குனிந்தபடியேதான் ஓம் என்றேன். இத்தனை வருடத்தில் அந்தக் குனிந்ததை மட்டும் நான் நினைக்காமல் விட்டிருந்தேன்.

"பயமாயிருந்தது," என்றேன்.

"என்ன?"

"பயந்திட்டன்."

"கேக்கேல்லையடா."

"பயந்திட்டன்!" என்று கத்தினேன். பக்கத்து வளவில் ஒரு நாய் குரைத்தது.

அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் பயம்தான்," என்றான். "நீ வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் அம்மாட்டைப் போய் மாட்டன் எண்டிருப்பன். அதுக்குத்தான் உன்னட்டைக் கேட்டனான். எனக்கெண்டு சொல்லத் தைரியம் இல்லை. நீ சொன்னாய் எண்டு சொல்லத் தைரியம் இருந்தது."

ஊசி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"இப்பவும் கேக்கிறன். ஊசி நிலத்திலை கிடக்கு. கையிலை ஒண்டும் இல்லை. நான் கனடாவுக்குப் போகட்டோ?"

அவன் மகளிடம் நான் சொன்ன ஓம் ஒரு நாள் பழசு. அதையும் நினைத்தேன். அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பார்வையையும் நினைத்தேன். ஓம் என்றால் எல்லோருக்கும் நல்லது. அந்தப் பிள்ளைக்கு அப்பா கிடைப்பார். பேரனுக்கு அம்மப்பா கிடைப்பார். ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"வேண்டாம்," என்றேன்.

"என்ன?"

இந்த முறை கத்தவில்லை. கயிற்றைக் கீழே போட்டேன். படலையால் சுற்றி ஒழுங்கைக்குப் போனேன். அவன் அந்த இடத்திலேயே நின்றான். வலது பக்கம் போய் நின்று சொன்னேன்.

"போகாதை."

அவன் தலையை ஆட்டினான். சால்வையால் முகத்தைத் துடைத்தான். வெயில்தான். பிறகு ஊசியை எடுத்து மண்ணைத் தட்டினான். நான் உள்ளே போனேன். மிச்ச வேலி இருந்தது.

அடுத்த கிழமை அவன் பழைய வளவுக்கே வந்துவிட்டான். நானும் என் உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு அங்கே போக வெளிக்கிட்டேன். தங்கச்சி வாசலில் நின்றாள்.

"அண்ணை, இஞ்சை உங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"ஆக்கள் கதைப்பினம்."

"கதைக்கட்டும்."

"அவருக்குத் தேத்தண்ணி வைக்கவே தெரியாது. நீங்களும் சுடுதண்ணி வைச்சால் அடிப்பிடிக்கிற ஆள். ரண்டு பேரும் பட்டினி கிடந்து சாகப் போறியள்." அழுதுகொண்டே ஒரு சட்டியும் அகப்பையும் எடுத்துத் தந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சட்டி தந்தாள்.

அவனுடைய மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தாள். எனக்குத்தான் எடுத்தாள்.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள் அங்கிள். நான் கேக்கக் கேக்க ஓம் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை. சொன்னனான்."

"பிறகு ஏன் மறிச்சனீங்கள்?"

எனக்குப் பதில் இருந்தது. ஒரு பிள்ளையிடம் சொல்லுகிற பதில் இல்லை. அவள் அழுதாள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தகப்பனுக்கும் எடுக்கவில்லை. இவன் எடுத்தால் அடித்து அடித்து நின்றுவிடும். அளவெட்டி வீடு அவளுடைய பெயரில். ஆள் வைத்து விற்றாள். வாங்கினவர்கள் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டியதாக ஆட்கள் சொன்னார்கள்.

நான் அன்றைக்குச் சொன்ன ஓமால் பிறந்த பிள்ளை அவள். வேண்டாம் என்று சொன்னதால் போய்விட்டாள். இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை. இவன் என்னை அதற்கு ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொன்னால் கொஞ்சம் லேசாயிருக்கும்.

நாங்கள் இருக்கிறோம். காலையில் கோயிலுக்குப் போய் வருவோம். ஆரும் கூப்பிட்டால் வேலி வேலைக்குப் போவோம். நான் உள்ளே, அவன் வெளியே. நான் கத்துவது ஒழுங்கைக்குப் பழகிவிட்டது. அவன் நல்ல காதைத் தலையணையில் வைத்துத்தான் படுப்பான். காலையில் கூப்பிட்டால் கேட்காது. தொட்டுத்தான் எழுப்ப வேண்டும். அதைச் செய்ய எனக்கு இவ்வளவு வயது வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் வேலைக்கு வரமாட்டான். முந்தி மகள் எடுக்கிற நேரம் அது. போனை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பான். பேரனுடைய படம் அதில் இருக்கிறது. பல்லு இல்லாத படம். இப்போது பல்லு எல்லாம் வந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்து கயிறு திரிப்பேன். மத்தியானம் எழுந்து போனை உள்ளே வைப்பான். "தேத்தண்ணி வை," என்பான். வைப்பேன்.

அவன் மனைவியின் முதல் திவசத்துக்கும் அவள் எடுக்கவில்லை.

இரண்டாவது திவசம் இந்த வருடம் வந்தது. நான்தான் சமைத்தேன். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அவரோடு நான் கதைத்தது மொத்தம் மூன்று தடவை. அவருக்குச் சமைக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் சமைக்கப் பழகிய கை அந்த வீட்டில் என் கைதான். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். காகத்துக்கு வைத்தோம். இரண்டு பேரும் சாப்பிட இருக்கிற நேரம் போன் அடித்தது.

அவனுக்குக் கேட்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"அப்பா."

அவன் வாய் திறந்தபடி இருந்தான்.

"அப்பா, அம்மாவுக்குப் படைச்சாச்சோ?"

"ஓம் பிள்ளை. ஓம். படைச்சாச்சு."

"ஆர் சமைச்சது?"

அவன் என்னைப் பார்த்தான். மறைக்கலாம். கோயில் ஐயர் வீட்டில் சொல்லிச் சமைப்பித்தோம் என்று சொல்லலாம். நான் கையைக் காட்டினேன், சொல்லாதே என்று.

"உவன்தான்," என்றான்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. போனை வலது காதில் அழுத்தினான். பிறகும் கேட்கவில்லை. என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. அவன் நீட்டியபடியே இருந்தான். போன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

"கத்தரிக்காய் வைச்சதோ எண்டு கேட்டனான்," என்றாள். "அம்மாவுக்கு விருப்பம்."

"வைச்சது பிள்ளை," என்றேன். "குழம்பு வைச்சது."

அங்கே ஒரு சின்னப் பிள்ளையின் சத்தம் கேட்டது. ஏதோ விளையாடுகிற சத்தம்.

"ஓம்," என்றாள். வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்று அவன் கேட்டான். "என்ன சொன்னவள்?"

"ஓம் எண்டு சொன்னவள்."

"என்னத்துக்கு ஓம்?"

"தெரியேல்லை," என்றேன்.

அவன் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சோறு ஆறியது. நான் அவனுடைய இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.